பித்தும் கவிதையும்

"கவிஞன் என்றால் அவனிடம் சற்றே பித்து இருந்தாக வேண்டும்" என்னும் கருத்து நம்மிடையே நெடுங்காலமாக வழங்கி வருகிறது. கவியரங்க மேடைகளில் இதனைப் பாராட்டாகவே சொல்லக் கேட்கிறோம். தெளிந்த அறிவோடு எழுதுபவனைப் புலவன் என்றும், நிலை தடுமாறி எழுதுபவனைக் கவிஞன் என்றும் தரம் பிரிப்பாரும் உளர். மேனாட்டு ஆராய்ச்சிகள் சில வெளிவந்த பின்னர், இக்கருத்துக்கு விஞ்ஞான முலாமும் பூசப்பட்டுவிட்டது.

இலக்கியச் சுவைக்காக மட்டும் பேசப்படும் பேச்சாக இஃது இருப்பின், நாம் பொருட்படுத்த வேண்டியதில்லை. ஆனால் இப்பேச்சு வீட்டு வாசலைக் கடந்து உள்ளே வந்துவிட்டது. மருந்து உண்டால் கவிதை வற்றிவிடும் என்று அஞ்சி மருந்தைக் கைவிடும் இளைஞர்கள் இருக்கிறார்கள். மகன் இரவெல்லாம் உறங்காது எழுதிக் குவிப்பதைக் கண்டு, "இவன் பெரிய ஆலிமாக வரப்போகிறான், பெரிய ஷாயிராக வரப்போகிறான்" என்று பூரித்து, நோயின் முதல் அறிகுறியைத் தவறவிடும் பெற்றோரும் இருக்கிறார்கள். ஆகவே இக்கருத்தை உரைகல்லில் உரைத்துப் பார்ப்பது நம் கடனாகிறது.

நோயின் இயல்பு

இருமுனை மனநோய் என்று இன்று மருத்துவர் வழங்கும் நோய்க்கு இரண்டு பருவங்கள் உண்டு. ஒன்று கிளர்ச்சிப் பருவம். மற்றொன்று சோர்வுப் பருவம். கிளர்ச்சியின்போது உறக்கம் சுருங்கும். ஆயினும் களைப்புத் தோன்றாது. பேச்சு விரையும். எண்ணத்தை எண்ணம் முந்திக்கொண்டு ஓடும். உலகையே மாற்றவல்ல திட்டங்கள் நொடிக்கொன்றாக உதிக்கும். நோய் முற்றினால், இல்லாத குரல்கள் கேட்கும். தானே உலகைக் காக்க வந்தவன் என்னும் உறுதி பிறக்கும். சோர்வின்போதோ இவையனைத்தும் தலைகீழாகும். நெஞ்சு கல்லாகும், எழுதுகோல் கனக்கும், வாழ்வே வேண்டாமென்று தோன்றும்.

இவ்விரண்டும் ஒரே மனிதரிடம் மாறி மாறி வருவதைப் பண்டைக் கிரேக்க மருத்துவர் அரட்டேயஸ் குறித்து வைத்தார். பாரிஸ் நகர மருத்துவர்களான ஃபால்ரே, பையார்ஜே இருவரும் 1854-இல் இதனை ஒரே நோயாக வரையறுத்தனர். ஜெர்மானிய அறிஞர் கிரேப்பெலின் 1899-இல் இதற்குத் தம் மருத்துவ நூலில் தனியிடம் தந்தார். பெயர் புதிது, நோய் பழையது.

அப்கர் பள்ளத்தாக்கு

பித்தையும் கவிதையையும் முடிச்சிட்டது மேனாட்டார் மட்டும் அன்று. அரபு மொழியில் 'மஜ்னூன்' என்ற சொல்லுக்கு ஜின்னால் பற்றப்பட்டவன் என்பது பொருள். மேதையைக் குறிக்கும் 'அப்கரீ' என்ற சொல்லோ, ஜின்கள் வாழ்வதாக அரபிகள் நம்பிய அப்கர் என்னும் பள்ளத்தாக்கின் பெயரினின்று பிறந்தது. ஆக, பித்தனுக்கும் மேதைக்கும் ஒரே மூலத்தையே அம்மொழி கற்பித்துவிட்டது. அறியாமைக் காலத்து அரபிகள், ஒவ்வொரு கவிஞனுக்கும் காதில் ஓதும் ஜின் ஒன்று உண்டென நம்பினர். அதனாற்றான் மக்கத்துக் குறைஷிகள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களை இகழக் கருதியபோது, 'கவிஞர்' என்ற சொல்லையும் 'பித்தர்' என்ற சொல்லையும் ஒரே மூச்சில் எடுத்தாண்டனர். திருக்குர்ஆன் அவ்விழிமொழியைக் குறிப்பிட்டு மறுக்கிறது.

பின்னர் வந்த முஸ்லிம் மருத்துவர்கள் ஆற்றிய பணி பெரிது. பித்தை அவர்கள் மருத்துவத்தின் எல்லைக்குள் கொண்டுவந்தனர். கைரவான் நகரத்து இஸ்ஹாக் இப்னு இம்ரான் மனச்சோர்வு நோய்க்கென்றே தனி நூல் யாத்தார். 934-இல் மறைந்த அபூஸைத் அல்பல்கீ, உடல்நலத்தையும் உள்ள நலத்தையும் ஒரே நூலின் இரு பகுதிகளாக அமைத்தார். கெய்ரோவில் 1284-இல் எழுந்த கலாவூன் மருத்துவமனையில் மனநோயாளருக்குத் தனிப் பிரிவு இருந்தது. நோயைப் படைத்தவன் அதற்குரிய மருந்தையும் படைத்துள்ளான் எனும் கருத்துடைய நபிமொழி இவர்களுக்கு ஊக்கமூட்டியது.

எனினும் கவிதையுலகம் மஜ்னூனை விடவில்லை. லைலாவை எண்ணிப் பாலையில் அலைந்த கைஸின் கதை நாடெங்கும் பரவிற்று. அதனைப் பெருங்காப்பியமாக 1188-இல் ஆக்கித் தந்தவர் நிஜாமீ. இங்கே ஒன்றைக் கவனித்தல் வேண்டும். காப்பியத்துள் அலைபவன் மஜ்னூன். காப்பியத்தை எழுதியவர் மஜ்னூன் அல்லர். ஆயிரக்கணக்கான ஈரடிகளைச் சீர் பிறழாமல் கோத்துச் செல்ல, அலையாத நெஞ்சம் ஒன்று அவருக்கு இருந்தாக வேண்டும்.

மீர் கண்ட நிலவு

கதைமாந்தரை விடுத்து, மெய்யாகவே மனம் பேதலித்த ஒரு பெருங்கவிஞரைப் பார்ப்போம். உருதுக் கஸலின் தந்தையருள் ஒருவரான மீர் தகீ மீர் 1723-இல் ஆக்ராவில் பிறந்தார். சிறுபிராயத்திலேயே சூஃபியான தந்தையை இழந்தார். தில்லிக்குச் சென்று, மாற்றாந்தாயின் உடன்பிறந்தாரான கானே ஆர்ஸூ என்னும் பேரறிஞரின் நிழலில் ஒதுங்கினார். அங்கே அன்பு கிட்டவில்லை என்பது மீரின் குறை.

அந்நாட்களில் அவருக்குச் சித்தம் கலங்கிற்று. இரவில் நிலவை நோக்கினால், அதனின்று பேரழகு வாய்ந்த உருவம் ஒன்று தம்மை நோக்கி வருவதாகக் கண்டார். அதைக் காணவும் அஞ்சினார். காணாதிருக்கவும் அவரால் இயலவில்லை. உற்றார் நெருங்கப் பயந்தனர். சிற்றறையில் அடைத்து வைத்தனர். இரத்தம் வடித்தனர், மருந்து கொடுத்தனர், ஓதிப் பார்த்தனர். மெல்ல மெல்ல அவர் தெளிந்தார். இவற்றையெல்லாம் பாரசீக மொழியில் எழுதிய 'ஸிக்ரே மீர்' என்னும் தன்வரலாற்றிலும், 'குவாபோ கயால்' என்னும் மஸ்னவியிலும் அவரே பதிவு செய்துள்ளார்.

மீருக்கு நேர்ந்தது இருமுனை நோய்தான் என்று இன்று பெயர் சூட்ட நாம் துணியமாட்டோம். இரண்டு நூற்றாண்டுகளுக்கு முன் மறைந்தவரின் நாடியை எவரும் பிடித்துப் பார்த்துவிட முடியாது. ஆனால் ஒரு திறனாய்வாளன் துணிந்து சொல்லக்கூடியது உண்டு. நிலவில் உருவம் கண்ட மீர் வேறு. அதைப் பாட்டாக்கிய மீர் வேறு. முன்னவர் அறையில் அடைபட்டுக் கிடந்தார். பின்னவர் நலம்பெற்று அமர்ந்து, தாம் பட்டதை ஒழுங்குபெறச் சொன்னார். உறவினரின் அச்சத்தையும், தம் நடுக்கத்தையும், மருத்துவரின் முயற்சியையும் உரிய இடங்களில் வைத்துச் சொன்னார். பித்து அவருக்கு ஒரு காட்சியைத் தந்தது. அது கவிதையானது தெளிவு திரும்பிய பிறகே. அதன் பின்னும் அவர் நெடுங்காலம் வாழ்ந்தார். தில்லி சூறையாடப்பட்டதைக் கண்டார். 1782-இல் லக்னோ சென்றார். 1810-இல் மறையும் முன் ஆறு உருதுத் தீவான்களை நிறைத்தார். ஆறு தீவான்களையும் இளமையில் வந்த அந்த ஒரு கலக்கத்தின் கணக்கில் எழுதுவது எந்த வகை நியாயம்?

ஷூமன் கேட்ட இசை

இருமுனை நோய்க்கும் படைப்புக்கும் சான்றாக மேனாட்டார் அடிக்கடி முன்னிறுத்தும் பெயர், ஜெர்மானிய இசைமேதை ராபர்ட் ஷூமன். அவருக்கு இருந்தது இந்நோயா, மேகநோயால் விளைந்த மூளைக்கேடா என்ற வழக்கு இன்னும் முடிந்தபாடில்லை. எழுச்சியும் வீழ்ச்சியும் அவர் வாழ்வில் மாறி மாறி வந்தன என்பதில் மட்டும் ஐயமில்லை. 1840-ஆம் ஆண்டில் மட்டும் 130-க்கும் மேற்பட்ட பாடல்களுக்கு இசையமைத்தார். 1844-இல் சோர்வு மேலிட, ஏறக்குறைய ஒன்றும் படைக்காமல் கிடந்தார். 1849-இல் மீண்டும் வெள்ளமெனப் பெருகினார்.

1854 பிப்ரவரித் திங்களில் ஓர் இரவு, வானவர்கள் தமக்கு ஓர் இன்னிசையைச் சொல்லித் தருவதாக உணர்ந்து எழுந்து அதனை எழுதி வைத்தார். பொழுது விடிந்ததும் அவ்வானவர்களே பேய்களாக மாறி, கொடு விலங்குகளின் வடிவில் தம்மைச் சூழ்ந்ததாக அலறினார். அம்மாதம் 27-ஆம் நாள் டுசல்டார்ஃப் நகரில் ரைன் நதியில் பாய்ந்தார். மீட்கப்பட்டார். பின்னர் பான் நகரை அடுத்த எண்டனிக் மனநோய் விடுதியில் சேர்க்கப்பட்டு, 1856 ஜூலை 29-இல் அங்கேயே இறந்தார். ஃபால்ரேயும் பையார்ஜேயும் இந்நோயை வரையறுத்ததும் அதே 1854-ஆம் ஆண்டில்தான் என்பது நெஞ்சை உறுத்தும் பொருத்தம்.

வானவர் தந்ததாக அவர் நம்பிய அந்த இன்னிசையை ஆராய்ந்தோர் வேறொன்றைக் கண்டனர். அதற்கு முந்தைய ஆண்டு இலையுதிர் காலத்தில், தம் வயலின் இசைப்படைப்பின் நடுப்பகுதியில் அவரே அமைத்திருந்த இசையை அது பெரிதும் ஒத்திருந்தது. தம் கைப்பொருளையே அவர் அயலார் தந்த கொடையென மயங்கினார். நோய் அவருக்குப் புதிய இசை எதையும் தரவில்லை; அவர் இசையை அவருடையதன்று என்று நம்பவைத்தது. இஃது ஒன்றே நம் வாதத்துக்குப் போதுமான சான்று.

1840-இன் பெருக்கத்துக்கும் வேறு காரணம் காட்டலாம். பெண்ணின் தந்தையோடு நீதிமன்றம் வரை சென்று போராடி, தாம் விரும்பிய கிளாராவை அவர் மணந்த ஆண்டு அது. மகிழ்ச்சியும் மனிதனைப் பாடச் செய்யும் என்பதை ஆராய்ச்சியாளர் மறத்தல் ஆகாது. வைஸ்பர்க் என்னும் உளநூலறிஞர் 1994-இல் ஷூமனின் படைப்புகளை ஆண்டுவாரியாக நிறுத்துப் பார்த்தார். எழுச்சியான ஆண்டுகளில் படைப்புகளின் தொகை மிகுந்திருந்தது. ஆனால் அவற்றுள் தலைசிறந்தவற்றின் விகிதம் மிகுந்திருக்கவில்லை.

எதுகையும் கவிதையும்

கிளர்ச்சிப் பருவத்தில் எண்ணங்கள் ஓடும் முறையைத் தமிழ்ப் புலவர் ஒருவரே நன்கு விளங்கிக்கொள்வார். அப்பருவத்தில் ஒரு சொல்லை அடுத்து வரும் சொல், பொருளால் இழுக்கப்படுவதில்லை, ஓசையால் இழுக்கப்படுகிறது. 'கடல்' என்றால் 'மடல்' வரும். 'மடல்' என்றால் 'உடல்' வரும். நம் யாப்பிலக்கணம் இதனை எதுகை என்கிறது. நோயாளியின் வாயிலிருந்து எதுகையும் மோனையும் கேளாமலே கொட்டுவதைக் காண்போர், இதோ கவிதை என்று வியப்பதில் வியப்பில்லை.

ஆயினும் எதுகை மட்டும் கவிதையாகிவிடாது. வந்து விழும் நூறு சொற்களுள் தொண்ணூற்றொன்பதைத் தள்ளி, ஒன்றைக் கொள்ளும் அறிவே கவிதையைச் செய்கிறது. கிளர்ச்சி முற்றும்போது முதலில் பறிபோவது அந்த அறிவுதான். தள்ளத் தெரியாதவனுக்குத் தான் எழுதியதெல்லாம் வேதவாக்காகத் தோன்றும். பின்னர்ச் சோர்வு வந்ததும் அத்தனையும் குப்பையாகத் தோன்றும், கிழித்தெறிவான். கொள்ளவும் தள்ளவும் தெரிந்த நடுநிலை அவ்விரு பருவங்களிலும் இல்லை.

இதற்கு மறுப்பாகச் சொல்லப்படுவது ஒன்று உண்டு. கிளர்ச்சி இளந்தளிராக இருக்கும் தொடக்க நிலையில், தொலைவிலுள்ள பொருள்களை இணைத்துப் பார்க்கும் ஆற்றல் மிகுகிறது. புதிய உவமைகள் பிறக்கின்றன என்பர். இதனை நாம் மறுக்கவில்லை. நோயுற்ற கலைஞர் பலர் தாமே இதற்குச் சாட்சி பகர்கின்றனர். ஆனால் அத்தளிர் நிலை சொன்ன இடத்தில் நிற்பதில்லை. இன்று உவமை தரும் அதே வேகம், நாளை வீட்டுப் பத்திரத்தை அடகு வைக்கும். மறுநாள் ஆற்றங்கரைக்கு இட்டுச் செல்லும்.

எண்கள் கூறுவன

அமெரிக்க மருத்துவர் நான்சி ஆண்ட்ரியாசென் 1987-இல் வெளியிட்ட ஆய்வு பெரிதும் பேசப்பட்டது. 30 எழுத்தாளரையும், அவர்களுக்கு ஒப்பாக வேறு தொழிலினர் 30 பேரையும் அவர் ஆராய்ந்தார். எழுத்தாளருள் நூற்றுக்கு 80 பேர் வாழ்நாளில் ஒருமுறையேனும் மனநிலை நோய்க்கு ஆளாகியிருந்தனர். மற்றவருள் நூற்றுக்கு 30 பேர். ஆனால் 30 பேர் என்பது மிகச் சிறிய தொகை. எவர் எழுத்தாளர் என்பதை அறிந்தே அவர் வினவினார் என்ற குறையும் கூறப்பட்டது.

சுவீடன் நாட்டில் 2011-இல் வெளிவந்த ஆய்வு இதனினும் வலிது. ஏறத்தாழ 3 லட்சம் மனநோயாளரின் பதிவேடுகளை அது ஆராய்ந்தது. இருமுனை நோயாளர் கலை, விஞ்ஞானம் போன்ற படைப்புத் தொழில்களில் பொதுவிகிதத்தைக் காட்டிலும் மிகுந்திருந்தனர் என்பது அதன் ஒரு முடிவு. பித்தைப் போற்றுவோர் இத்தோடு நிறுத்திக்கொள்கின்றனர். அடுத்த முடிவை அவர்கள் படிப்பதில்லை. நோயே இல்லாத அவர்களுடைய உடன்பிறந்தாரும் அத்தகைய தொழில்களில் மிகுந்திருந்தனர்!

இம்முடிவின் கருத்தைக் குடும்பத்தார் ஊன்றி நோக்க வேண்டும். நோயுற்ற அண்ணனிடம் உள்ள கலைத்திறன், நோயுறாத தங்கையிடமும் இருக்கிறது. அப்படியாயின் திறன் குடும்பத்தின் செல்வம். நோய் அதன்மேல் வந்து விழுந்த சுமை. சுமையை இறக்கினால் செல்வம் குறைந்துவிடும் என்பதற்கு நியாயம் இல்லை.

லித்தியமும் கவிதையும்

ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட் 1949-இல் லித்தியம் என்னும் எளிய உப்பு இந்நோயின் கிளர்ச்சியைத் தணிப்பதைக் கண்டறிந்தார். உப்பு படைப்பைக் கொன்றுவிடுமோ என்ற ஐயத்தை, டென்மார்க் மருத்துவர் மோகன்ஸ் ஷூ 1979-இல் ஆராய்ந்தார். லித்தியம் உட்கொண்டு வந்த 24 கலைஞரிடம் வினவியதில், 12 பேர் தம் படைப்பு மிகுந்ததென்றனர். 6 பேர் மாற்றமில்லை என்றனர். 6 பேர் குறைந்ததென்றனர். அந்த அறுவரின் இழப்பை நாம் எளிதாகத் தள்ளவில்லை. அவர்கள் மருத்துவரிடம் முறையிட வேண்டும். அளவை மாற்றவோ, வேறு மருந்தை நாடவோ வழியுண்டு. ஆயினும் மருந்துண்பவர் அனைவருக்கும் கவிதை வற்றிவிடும் என்ற பேச்சு பொய்யென்பதை இவ்வெண்கள் காட்டுகின்றன.

அமெரிக்கக் கவிஞர் ராபர்ட் லோவல் 1949-இல் கிளர்ச்சி மேலிட்டு, நெடுஞ்சாலை நடுவே நின்று கைகளை விரித்து வண்டிகளை நிறுத்தத் தம்மால் முடியுமென்று நம்பினார். பலமுறை மனநோய் மருத்துவமனை புகுந்தார். 1967-இல் லித்தியம் உட்கொள்ளத் தொடங்கினார். அதன்பின் அவர் எழுதிய 'டால்ஃபின்' என்னும் தொகுதி 1974-இல் புலிட்சர் பரிசு பெற்றது. அவர் வரலாற்றை எழுதிய கே ஜேமிசன் அம்மையார், தாமே இந்நோயுற்றவர். மனநோய்த் துறைப் பேராசிரியர். 'பித்தின் தீ தீண்டியோர்' என்ற பொருள்படும் அவரது 1993-ஆம் ஆண்டு நூலைப் பித்தைப் போற்றுவோர் வேதமாகக் கொள்கின்றனர். அவரோ 1995-இல் எழுதிய தன்வரலாற்றில், லித்தியம் இல்லையேல் தமக்கு வாழ்வில்லை என்பதை ஒளிக்காமல் கூறுகிறார். ஒரு நூலைக் கொண்டு மற்றதை மறைப்பது நேர்மையன்று.

மஸ்தானின் கணக்கு

"நம் குணங்குடி மஸ்தான் சாகிபு அவர்களைப் பாருங்கள், அவர்கள் பித்தரல்லரோ?" என்று கேட்பார் உளர். இறைக்காதலின் போதையை உலகத்து நோயோடு ஒன்றாக்கிப் பேசுதல் முறையன்று. எனினும் இலக்கிய அளவில் விடை கூறலாம். 1838-இல் மறைந்த அம்மகான் பாடியவற்றுள் சதகம் உண்டு. சதகம் என்பது 100 பாடல். கண்ணிகள் உண்டு, கண்ணி என்பது இரண்டிரண்டு அடியாகத் தொடுக்கும் கட்டமைப்பு. எண்ணிக்கை தவறாமல், தளை தட்டாமல், மகுடம் பிறழாமல் பாடியது தன்னை மறந்த நாவாயினும், தமிழை மறந்த நாவன்று. 'மஸ்து' அவர்கள் நெஞ்சில் இருந்தது. அவர்கள் யாப்பில் இல்லை.

வீட்டாரின் கடமை

பித்தைப் போற்றுவது ஒரு பிழை. பித்துற்றவரை விலங்கு போலக் கட்டிவைப்பது மற்றொரு பிழை. 2001 ஆகஸ்டு 6-ஆம் நாள், ஏர்வாடியில் ஒரு தனியார் மனநோய்க் காப்பகத்தில் தீப்பற்றியபோது 28 பேர் மாண்டனர். சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தமையால் அவர்களால் ஓடித் தப்ப இயலவில்லை. அவர்களுள் எத்தனை பாட்டுகள், எத்தனை கைவினைகள் இருந்தனவோ, எவர் அறிவார்? சங்கிலியிடுவதை 2017-ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் தடைசெய்துள்ளது. சட்டம் வருமுன்பே நம் மார்க்கம் அறிவிழந்தவன்மீது பொறுப்புச் சுமத்தாமல் எழுதுகோலை உயர்த்திவிட்டது. இறைவனே குற்றம் பதியாத ஒருவரை நாம் எப்படித் தண்டிக்கலாம்?

பிள்ளை பல இரவுகள் உறங்காதிருந்தும் களைப்பறியாது எழுதினால், உம்மாவும் வாப்பாவும் பெருமைப்படுமுன் மனநல மருத்துவரை நாடுதல் வேண்டும். துஆ ஓதுவோர் ஓதட்டும். மருந்து நிற்க வேண்டாம். லித்தியம் உண்போர் இரத்தப் பரிசோதனையைத் தவறவிடலாகாது. தாமாகவே மருந்தை நிறுத்தவும் ஆகாது. வாழ்வே வேண்டாமென்ற சொல் காதில் விழுமாயின், ஒருநாளும் தாமதித்தல் தகாது.

இலக்கியம் பயில்வோர் என்ற முறையில் நாம் மற்றுமொன்று வேண்டுகிறோம். அந்நாட்களில் அப்பிள்ளை எழுதியவற்றை எரித்துவிட வேண்டாம். மேதைமை என்று அச்சுக்கு அனுப்பவும் வேண்டாம். ஒரு பெட்டியில் பத்திரமாக வையுங்கள். தெளிவு திரும்பியபின் அவர் கையிலேயே கொடுங்கள். அவற்றுள் எது கவிதை, எது நோய் என்று தெரிந்தெடுக்கும் உரிமை அவருக்கே உரியது. நிலவில் கண்டதை மீர் அவ்வாறுதான் நமக்குப் பாட்டாக்கித் தந்தார்.